மேல்வயிற்றுச் சுருக்கு வலியும் நாள்பட்ட கணைய நோயும் – நாம் தெரிந்துகொள்வோம்



இந்த மாதப் பாடத்துக்கு ஒரு வலியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். காரணம் இருக்கிறது. திருக்கோகர்ணம் பகுதிக் குழுக்களில் உள்கடன் கேட்டு வருகிற காரணங்களில் "வயித்து வலி, ஆஸ்பத்திரிச் செலவு" என்பது அடிக்கடி வருகிறது. ஒரே சகோதரி ஒரே வலிக்கு இரண்டாவது முறை, மூன்றாவது முறை கடன் கேட்கிறார். என்ன வியாதி என்று கேட்டால், "வாயுன்னாங்க, அல்சர்ன்னாங்க, ஊசி போட்டா சரியாப் போகுது, மறுபடி வருது" என்கிறார். வியாதிக்குப் பெயரே தெரியாமல் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

மேல்வயிற்று வலி எல்லாமே கணைய நோய் இல்லை. பெரும்பாலானவை சாதாரண வலிதான். ஆனால் விட்டு விட்டு, பல மாதமாக, முதுகு வரை பிடித்து இழுக்கிற வலி வந்தால் அதை வாயு என்று தள்ளிவிடக் கூடாது. இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, நடுநடுவே நிறுத்திப் பேசுங்கள்.

கணையம் எங்கே இருக்கிறது? என்ன வேலை செய்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, குறுக்கே படுத்த மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. அதுதான் கணையம். ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, நாம் தின்கிற எண்ணெய், பருப்பு, கறி, சோறு எல்லாவற்றையும் செரிக்க வைக்கும் நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது. இரண்டு, இரத்தத்தில் சர்க்கரையை அளவாக வைக்கும் இன்சுலினைச் சுரப்பது.

கல்லீரலில் ஊறுகிற பித்தநீர் பித்தப்பையில் சேர்ந்து, பித்தக்குழாய் வழியாகக் குடலுக்கு வருகிறது. கணைய நீருக்கும் தனிக் குழாய் உண்டு. இந்த இரண்டு குழாயும் பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வாசல் வழியாகத்தான் குடலுக்குள் திறக்கின்றன. அந்த வாசலில் வளையம் போல் ஒரு சின்னத் தசை இருக்கிறது. 1887-இல் இத்தாலியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ருஜ்ஜெரோ ஓடி என்பவர் அதைப் பற்றி விவரமாக எழுதினார். அதனால் டாக்டர்கள் இன்றைக்கும் அதை "ஓடி தசை" என்கிறார்கள்.

நம் அம்மாச்சிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைத் தளர்த்தினால் வாய் திறக்கும், இழுத்தால் மூடும். சாப்பிடும்போது இந்தத் தசை தளர்ந்து பித்தநீரையும் கணைய நீரையும் விட வேண்டும். அப்படித் தளராமல் இறுகிப் பிடித்துக்கொண்டால், பின்னால் இருக்கிற இரண்டு குழாயிலும் அழுத்தம் ஏறும். அப்போது வருவதுதான் சுருக்கு வலி.

இரண்டும் சேர்ந்து வந்தால் ஏன் கஷ்டம்?

கணையம் திரும்பத் திரும்ப வீங்கி, தழும்பு விழுந்து, சுருங்கிப்போவதை நாள்பட்ட கணைய அழற்சி என்கிறோம். சிலருக்குக் கணையக் குழாய்க்குள் கல்லும் உண்டாகும். இது பித்தப்பைக் கல் இல்லை, வேறு கல். ஏற்கெனவே புண்பட்ட கணையத்தில், வாசல் தசையும் இறுகினால் வலி இரட்டிப்பாகும். "இது கணைய வலியா, பித்தக்குழாய் வலியா" என்று நோயாளிக்கும் பிரிக்கத் தெரியாது. சில சமயம் டாக்டருக்கும் சோதனை பார்த்தால்தான் தெரியும்.

பொதுவாகச் சில அடையாளங்கள் சொல்லலாம்.

பித்தக்குழாய்ச் சுருக்கு வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழேயோ ஏறும். ஏறி, அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே நிற்கும். சிலருக்கு மணிக்கணக்காக இருக்கும். வலது தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவும். ஏப்பம் விட்டாலும், வெளிக்குப் போனாலும், அல்சர் மாத்திரை போட்டாலும் குறையாது. பித்தப்பையை எடுத்த பிறகும் சிலருக்கு இப்படி வரும்.

கணைய வலி மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகை ஊடுருவும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். சாப்பிட்டால் கூடுவதால் சாப்பாட்டுக்கே பயம் வரும். உடம்பு இளைக்கும். மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக, நாற்றமாக, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். இந்த மல விஷயத்தைச் சொல்ல நமக்குக் கூச்சம். ஆனால் டாக்டருக்கு இது பெரிய துப்பு. கட்டாயம் சொல்ல வேண்டும்.

"குடிக்காத பொம்பளைக்கு எப்படி வந்துச்சு?"

கணைய நோய் என்றாலே "குடியால் வருவது" என்று ஊரில் பேச்சு. இதனால் ஒரு சொட்டுக்கூடத் தொடாத பெண்களும் தலைகுனிகிறார்கள். சிலர் ஸ்கேன் ரிப்போர்ட்டை மாமியார் வீட்டில் காட்டாமல் மறைத்து வைக்கிறார்கள். இந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும்.

நாடு முழுவதும் 32 மையங்களில் 1,086 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்தது. அதில் குடியால் வந்தவர்கள் 100-க்கு 39 பேர் அளவில்தான். 100-க்கு 60 பேருக்குக் குடிப் பழக்கமும் இல்லை, வேறு தெளிவான காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை. குடி பெரிய காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நோய் வந்த எல்லோரும் குடித்தவர்கள் இல்லை.

நம்ம தென்னாட்டுக்கு இந்த நோய் புதிதும் இல்லை. 1950-களில் சூடிமா என்ற டாக்டர் இந்தோனேசியாவில், ஏழை எளியவர்களிடம், கணையத்தில் கல்லும் சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதைக் கண்டு எழுதினார். 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இதே நோயை நூற்றுக்கணக்கானவர்களிடம் பார்த்துப் பதிவு செய்தார். சின்ன வயதில் வயிற்று வலி, வாலிபத்தில் சர்க்கரை, நல்ல வயதில் சாவு என்பதுதான் அன்றைய நிலைமை. பிறகு சென்னையில் டாக்டர் வி. மோகன் போன்ற சர்க்கரை நோய் மருத்துவர்கள் பல ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒழுங்கான சிகிச்சை கிடைத்தால் நீண்ட காலம் வாழலாம் என்று அவர்களுடைய பதிவுகள் காட்டின. அந்தக் கால நிலைமை இப்போது இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காரணம் என்ன? மரவள்ளிக் கிழங்குதான் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். கேரளத்தில் ஏழைகள் அதையே சாப்பிட்டு வாழ்ந்ததால் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் மரவள்ளியே சாப்பிடாத வட மாநிலங்களிலும் நோய் இருக்கிறது. கிழங்கு சாப்பிடும் எல்லோருக்கும் வருவதும் இல்லை. ஆகவே அந்தக் கருத்து நிரூபிக்கப்படவில்லை. 2002-க்குப் பிறகு வந்த ஆய்வுகள், கணையத்தைக் காக்கும் ஒரு மரபணுவில் பிறப்பிலேயே உள்ள சின்ன மாற்றம், இந்திய நோயாளிகளில் கணிசமான பேருக்கு இருப்பதைக் காட்டின. அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை, வரும் வாய்ப்பு கூடும் என்பதுதான். இதைச் சொல்லி யார் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தையும் தடுக்கக் கூடாது. நோய் உள்ள பெண்கள் மருத்துவர் கண்காணிப்பில் பிள்ளை பெற்று நன்றாக இருக்கிறார்கள்.

இன்னொன்று. பீடி, சிகரெட் மட்டும் இல்லை, நாம் வெற்றிலையோடு அடக்கிக்கொள்கிற புகையிலையும் உடம்புக்குக் கேடுதான். புகை, கணைய நோயை வேகமாக முற்ற வைக்கிறது என்பது உறுதியான விஷயம். கணைய நோய் உள்ளவருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடக் கூடுதல். அதனால் புகையிலையை எந்த வடிவத்திலும் விட்டுவிட வேண்டும். வெற்றிலை போடாமல் இருக்க முடியாத பெரியவர்கள் புகையிலையையும் பாக்கையுமாவது விட்டுவிடுங்கள்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்

கணைய நோய் உள்ளவருக்குப் பித்தக்குழாய் வலி வந்தால் "தசை இறுக்கம்" என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அதற்கு முன்னால் வேறு காரணங்களைப் பார்த்துவிட வேண்டும்.

1. பித்தப்பைக் கல் நழுவிக் குழாயில் அடைத்திருக்கலாம்.
2. வீங்கித் தடித்த கணையத்தின் தலைப்பகுதி, அதன் வழியாகப் போகிற பித்தக்குழாயை நெருக்கியிருக்கலாம்.
3. கணையக் குழாயில் உள்ள கல் அடைத்திருக்கலாம்.
4. சில பேருக்கு நாக்குப்பூச்சி குழாய்க்குள் ஏறிவிடும். குடற்புழு மாத்திரை போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.
5. கட்டி ஏதாவது இருக்கலாம்.

இவை எதுவும் இல்லை என்றால்தான் தசை இறுக்கம் என்று சொல்ல வேண்டும். இதற்கு வயிற்று ஸ்கேன், இரத்தச் சோதனை, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.சி.பி. என்ற குழாய்ப் படம், குழாய் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோ ஸ்கேன் ஆகியவை உண்டு.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. வலி வந்து சில மணி நேரத்துக்குள் எடுக்கும் கல்லீரல் இரத்தச் சோதனை ரொம்ப உதவும். தசை இறுகும்போது கல்லீரல் என்சைம் அளவு ஏறி, வலி போனபின் இறங்கிவிடும். நாலு நாள் கழித்துச் சோதித்தால் "எல்லாம் நார்மல்" என்று வரும். "நடிக்கிறா" என்று வீட்டில் பேச்சும் வரும். ஆகவே வலி இருக்கும்போதே போய், "இப்போ ரத்தம் எடுங்க" என்று கேளுங்கள். நாள்பட்ட நோயில் அமிலேஸ், லைபேஸ் என்ற கணையச் சோதனைகள் வலியின் போதுகூட நார்மலாக வரலாம். அதை வைத்து வலி பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

வலி நோட்டு எழுதுவோம்

சங்கக் கணக்கு எழுதப் பழகிய கை நமக்கு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் நம் மாவட்டத்துப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். எழுதத் தெரியாதவருக்குக் குழுவில் எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொடுக்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் இப்படிக் கட்டம் போடுங்கள்:

– தேதி, வலி தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் இருந்தது
– எந்த இடம், எங்கே பரவியது
– அதற்கு முன் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு
– வாந்தி, காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்ததா
– சிறுநீர் மஞ்சளாக, கடுங்காப்பி நிறமாகப் போனதா, மலம் எப்படி
– என்ன மாத்திரை, என்ன ஊசி, குறைந்ததா
– மாதம் ஒரு முறை உடம்பு எடை

மூன்று மாத நோட்டை டாக்டரிடம் காட்டினால், அவர் பத்து நிமிடத்தில் உங்கள் நோயைப் புரிந்துகொள்வார். பழைய ஸ்கேன், சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் முதலிலிருந்து சோதனை எடுக்கிற செலவு இதனால் குறையும்.

வலி வந்தால் என்ன செய்வது?

வலி ஆரம்பித்தால் சாப்பாட்டை நிறுத்துங்கள். வாந்தி இல்லாவிட்டால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். குனிந்து உட்காருங்கள். டாக்டர் முன்பே எழுதிக்கொடுத்த மாத்திரை இருந்தால் அவர் சொன்ன அளவில் மட்டும் போடுங்கள்.

தசையைத் தளர்த்துகிற மாத்திரைகள் இருக்கின்றன. டிரோட்டாவெரின், டைசைக்ளோமின், ஹையோசின் போன்றவற்றை டாக்டர் எழுதுவார். கண்ணில் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது.

வலி ஊசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அபின் வகையைச் சேர்ந்த மருந்துகளில் சில, அதிலும் மார்பின், கோடீன் போன்றவை, இந்த வாசல் தசையை இன்னும் இறுக்கக் கூடும். கோடீன் சில இருமல் மருந்துகளிலும் உண்டு. அது குடித்தபின் வலி வந்தால் நோட்டில் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அதோடு, இந்த வகை ஊசியையும் மாத்திரையையும் அடிக்கடி எடுத்தால் உடம்பு அதற்கு அடிமையாகும். ஊசி இல்லாததாலேயே வலி வரும். நாள்பட்டு எடுக்கிறவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். டைக்ளோஃபினாக் போன்ற மற்ற வலி ஊசிகளும் அதிகமானால் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். பெயர் தெரியாத ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். "என்ன ஊசி? சீட்டுல எழுதிக் குடுங்க" என்று கேட்பது நம் உரிமை.

குடலேற்றம் தட்டுவது, தொக்கம் எடுப்பது, வயிற்றில் சூடு போடுவது எல்லாம் நம் ஊர்களில் உண்டு. அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த வலிக்கு அவை உதவாது. தட்டினால் வீங்கிய கணையம் இன்னும் நோகும். சூடு போட்டால் வலியோடு புண்ணும் சேரும். வெந்நீர்ப் பையை ரொம்பச் சூடாகத் தினமும் வைத்து, வயிற்றுத் தோல் வலை போட்ட மாதிரி கருத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். வைத்தால் இளஞ்சூடாக, துணி சுற்றி, கொஞ்ச நேரம் மட்டும் வையுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

– வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள். இது பித்தக்குழாயில் சீழ் பிடிப்பதன் அடையாளம். ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது
– வாந்தி நிற்காமல், தண்ணீர்கூடத் தங்காமல் போவது
– சிறுநீர் ரொம்பக் குறைவது, மயக்கம், குளிர்ந்த வியர்வை
– வயிறு கல் மாதிரி கெட்டியாவது
– இரத்த வாந்தி, தார் போல் கறுப்பு மலம்
– மாத்திரை போட்டும் சில மணி நேரமாகக் குறையாத கடும் வலி
– மேல்வயிற்று வலியோடு நெஞ்சு அடைப்பு, மூச்சு வாங்கல், கை அல்லது தாடை வலி. மாரடைப்பு பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, வயிற்று வலி மாதிரியே வரும்

சாப்பாடு எப்படி?

"எண்ணெயே கூடாது, கஞ்சி மட்டும் குடி" என்று பல வீடுகளில் ஒதுக்கி வைக்கிறார்கள். அது தப்பு. நாள்பட்ட கணைய நோயில் ஏற்கெனவே உடம்பு இளைக்கிறது. கஞ்சியை மட்டும் குடித்தால் இன்னும் இளைத்து, எலும்பும் பலவீனமாகும். வலி கடுமையாக இருக்கிற நாட்களில்தான் கட்டுப்பாடு. மற்ற நாட்களில் நன்றாகச் சாப்பிட வேண்டும், ஆனால் பிரித்துச் சாப்பிட வேண்டும்.

மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுவதற்குப் பதிலாக ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். இட்லி, இடியாப்பம், சோறு, கேப்பைக் கூழ், பருப்பு, முட்டை, மீன் குழம்பு, கோழி, மோர், தயிர், கீரை எல்லாம் சாப்பிடலாம். எண்ணெயைத் தாளிதத்தில் அளவாக, எல்லா வேளைக்கும் பிரித்துச் சேர்க்கலாம். ஒரே நேரத்தில் வடை, பிரியாணி, பலகாரம் என்று கொழுப்பு மொத்தமாக உள்ளே போனால்தான் பித்தப்பையும் வாசல் தசையும் மாட்டிக்கொள்ளும். எந்தச் சாப்பாடு தனக்கு ஆகவில்லை என்று அவரவர் வலி நோட்டே சொல்லும்.

கணைய நீர் குறைந்தவர்களுக்கு என்சைம் மாத்திரை தருவார்கள். 10,000, 25,000 யூனிட் என்று அளவு இருக்கும். இதை வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை. முதல் கவளத்தோடு ஒன்று, சாப்பாட்டு நடுவில் ஒன்று என்று சாப்பாட்டோடு கலக்கிற மாதிரி டாக்டர் சொன்னபடி போட வேண்டும். மெல்லக் கூடாது. வெறும் டீக்கு வேண்டியதில்லை. பொரியல், முட்டை என்று சிற்றுண்டி என்றால் வேண்டும். வெயிலில், அடுப்பங்கரையில் வைத்தால் வீரியம் குறையும். இந்த மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சைவம் சாப்பிடுகிறவர்களும் முஸ்லிம் சகோதரிகளும் இது தெரிந்தால் யோசிக்கலாம். மருந்து என்பதால் ஏற்கலாம் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். மறைக்காமல் டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள், யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

சர்க்கரையும் எலும்பும்

கணையம் கெட்டால் இன்சுலினும் குறையும். ஆகவே கணைய நோய் உள்ளவர்கள் சர்க்கரை இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியையும் பார்க்க வேண்டும். சர்க்கரை வந்துவிட்டால் பலருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படும். பயப்பட வேண்டாம். ஆனால் இந்த வகைச் சர்க்கரையில் அளவு திடீரென்று ரொம்ப இறங்கும் ஆபத்து அதிகம். ஏனென்றால் இறங்கும்போது தூக்கிவிடுகிற சுரப்பும் கணையத்தில்தான் இருக்கிறது, அதுவும் குறைந்திருக்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே சர்க்கரையோ வெல்லமோ சாப்பிட வேண்டும். வேலைக்குப் போகும்போது முந்தானையில் ஒரு துண்டு வெல்லம் முடிந்துகொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர் ஆடி, புரட்டாசி விரதம், நோன்பு என்று டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கக் கூடாது.

கொழுப்பு செரிக்காதபோது ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேராது. மாலைக்கண், எலும்புத் தேய்மானம் வரலாம். வைட்டமின் டி-யும் கால்சியமும் பார்த்து, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் மாத்திரைகள் வலியையே குறைக்குமா என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 127 பேரை வைத்துப் பார்த்து, 2009-இல் குறைத்ததாகச் சொன்னார்கள். 2012-இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து வாங்காமல் டாக்டர் சொன்னால் மட்டும் எடுப்போம்.

"ஆபரேஷன்" என்று சொன்னால்?

ஈ.ஆர்.சி.பி. என்பது வாய் வழியாகக் குழாயை விட்டு, வாசல் தசையைக் கொஞ்சம் வெட்டி விடுவது, கல் எடுப்பது, குழாயில் சின்ன ஸ்டென்ட் வைப்பது. கல் அடைத்திருந்தாலோ, குழாய் விரிந்து, வலியின்போது கல்லீரல் சோதனை ஏறியிருந்தாலோ இது நல்ல பலன் தரும்.

ஆனால் பித்தப்பை எடுத்தபின் வலி மட்டும் இருந்து, ஸ்கேனிலும் இரத்தத்திலும் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு? அமெரிக்காவில் 214 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வந்தது. பாதிக்கு மேல் பேருக்கு நிஜமாகத் தசையை வெட்டினார்கள், மற்றவர்களுக்கு வெட்டாமல் வெட்டிய மாதிரி மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், வெட்டியவர்களில் 100-க்கு 23 பேருக்கும், வெட்டாதவர்களில் 100-க்கு 37 பேருக்கும் நல்ல குணம். அதாவது வெட்டியதால் ஒரு பலனும் இல்லை. மேலும் ஈ.ஆர்.சி.பி. செய்வதாலேயே சிலருக்குக் கணையம் வீங்கும். தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

மறுபக்கம், கணையக் குழாய் விரிந்து, கல்லோடு, கடும் வலி உள்ளவர்கள் ஆபரேஷனுக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் ஊசியில் ஓட்டுவதும் சரியில்லை. நெதர்லாந்தில் 88 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. காலம் தாழ்த்தாமல் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஆகவே ஒன்றுக்கு அவசரம் கூடாது, மற்றொன்றுக்குத் தாமதம் கூடாது. எது எது என்று தெரிய இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. எனக்குக் குழாய் அடைத்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா? எந்தப் படத்தில் தெரிகிறது?
2. இதைச் செய்தால் வலி குறைய எவ்வளவு வாய்ப்பு? செய்யாவிட்டால் என்ன ஆகும்?
3. என்ன ஆபத்து? கணைய வீக்கம் வராமல் தடுக்க என்ன கொடுப்பீர்கள்?
4. ஸ்டென்ட் வைத்தால் எப்போது எடுக்க வேண்டும்? (தேதியை நோட்டில் எழுதுங்கள். எடுக்காமல் மறந்தால் அடைத்துக்கொள்ளும்.)
5. காப்பீட்டில் வருமா?

பணத்துக்கு என்ன வழி?

வலிக்கு நடுவில் கந்துவட்டிக்கு வாங்கினால், வலி போனபின்னும் வட்டி போகாது. முதலில் அரசு மருத்துவமனைக்குப் போவோம். 2017-இல் நம் புதுக்கோட்டைக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கு இல்லாத வசதிக்குத் திருச்சி, தஞ்சாவூர், மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்கள். "குடல், இரைப்பைச் சிறப்புப் பிரிவுக்கு எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்கள் வீட்டில் இருக்கிறதா, உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். விவரம் கேட்க இலவசத் தொலைபேசி 1800 425 3993. மருத்துவ ஆலோசனைக்கு 104. படுத்த பிறகு அட்டைக்கு அலைவதைவிட, நன்றாக இருக்கும்போதே வாங்கி வைப்பது மேல்.

குழுவும் ஒன்று செய்யலாம். அவசர மருத்துவ உள்கடனுக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல், ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட தொகை வரை கொடுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதி வையுங்கள். பிறகு பொதுக் கூட்டத்தில் கணக்கு வைத்துவிடலாம். பணத்தைவிடப் பெரிய உதவி, கூடப் போவது. நடக்க முடியாமல் குனிந்து நிற்கிற பெண்ணுக்குப் பதிலாக டோக்கன் வாங்கி, நோட்டைக் காட்டி, நாலு கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் திரும்பத் திரும்ப வரும் மேல்வயிற்று வலியோடு யாராவது இருக்கிறார்களா? கூட்டத்தில் சொல்லக் கூச்சமென்றால் யாரிடம் தனியாகச் சொல்லலாம்?
2. காப்பீட்டு அட்டை எத்தனை பேருக்கு இருக்கிறது? இல்லாதவர்கள் பெயரைப் பட்டியல் எடுத்து, எந்தத் தேதியில் சேர்ந்து போகலாம்?
3. அவசர மருத்துவக் கடனுக்கு நம் குழு என்ன தீர்மானம் போடலாம்? எவ்வளவு தொகை, எத்தனை தவணை?
4. உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகளில் மூன்றை, பார்க்காமல் ஒவ்வொருவரும் சொல்லிப் பார்க்கவும்.
5. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் விடுவதற்கு நாம் எப்படித் துணையாக இருக்கலாம்?

கூட்டத்தில் எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, நகலைக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். கேள்விகள் இருந்தாலும் எழுதுங்கள். மருத்துவரிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் போடுகிறோம்.